நாலாம் கம்பத்தில் அக்கா சொன்ன சொல்

புதன்கிழமைகளில மாதா கோயில் மண்டபத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாற உங்கள் எல்லாருக்கும் என்னைப் பற்றி ஒண்டு நல்லாத் தெரியும். நான் பேஸ்போல் பாக்கிற கிழவி. மகள் கலியாணம் செய்து அமெரிக்காவுக்குப் போன நாளில இருந்து பிடிச்ச விசர். காலமைத் தேத்தண்ணியோட முதல்நாள் மட்சைப் போட்டுப் பாக்காட்டில் எனக்குப் பொழுது விடியாது. எங்கட மாஸ்டர் கிரிக்கெட் பைத்தியம். ஒவ்வொரு கிழமையும் சோத்துக் கோப்பையைக் கையில ஏந்திக்கொண்டு, "என்ன தங்கச்சி, உன்ர தடிகாரர் வெண்டவையோ?" எண்டு கேப்பார். நானும் விடுறேல்லை. "அஞ்சு நாள் வெயில் குடிச்சுப்போட்டு, ஒருத்தரும் வெல்லேல்லை எண்டு வீட்டை போற ஆக்களோட எனக்கென்ன கதை?" எண்டு திருப்பிக் குடுப்பன்.

போன புதன் அந்தப் பகிடி சண்டையில முடிஞ்சது. அமெரிக்காவில ஒரு ரீம் எதிராளியின்ர சைகையைக் களவாய்ப் பாத்து விளையாடின பழைய கதையை ஆரோ எடுத்தவை. உடன மாஸ்டர், "எங்கட காலத்தில உந்த அளாப்பல், கள்ள விளையாட்டு இருந்ததோ? இப்பத்தையச் சனத்துக்கு வெக்கமில்லை" எண்டார். நீங்கள் எல்லாரும் தலையை ஆட்டினியள். எனக்குக் கோவம் வந்திட்டுது. இடியப்பத்தை அப்படியே வைச்சுப்போட்டு எழும்பி, "அளாப்பல் அப்பவும் இருந்தது. அளாப்பாத பிள்ளைக்கு அளாப்பி எண்டு பேர் வைச்சதும் எங்கட காலத்தில தான்" எண்டு சத்தம் போட்டன். மிச்சத்தைச் சொல்ல முதல் கதிரை அடுக்கிற ஆள் வந்திட்டார். அதால இதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். ஆளுக்கொரு பிரதி எடுங்கோ. மாஸ்டருக்குப் பெரிய எழுத்தில.

எனக்கு அப்ப எட்டு வயசு, அக்காவுக்குப் பத்து. மன்னாரில இருந்து லண்டனில பார்க்கிங் எண்ட ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம் முடிஞ்சிருந்தது. ஊரில இருந்து வாற கடிதங்களில மாமா ஒவ்வொரு முறையும், "கார் நிப்பாட்டிற இடத்திலயோ இருக்கிறியள்?" எண்டு எழுதுவார். அப்பா மன்னாரில பதினாலு வருசம் கணக்குப் படிப்பிச்ச ரீச்சர். இஞ்சை தபால் பிரிக்கிற வேலை. எங்கட கட்டிலுக்குக் கீழ ரெண்டு சூட்கேஸ் எப்பவும் பாதி அடுக்கின மாதிரியே கிடக்கும். "அஞ்சு வருசம் தான், பிறகு வீட்டை போயிடுவம்" எண்டுவார் அப்பா. அவருக்கு வீடு எண்டால் மன்னார் மட்டும் தான். பார்க்கிங்கில நாங்கள் இருந்த ரெண்டு அறைக்கு அவர் வைச்ச பேர் 'தங்கிற இடம்'. கடையால வரேக்கை, "நட பிள்ளை, தங்கிற இடத்துக்குப் போவம்" எண்டுதான் சொல்லுவார். அம்மாவுக்கு அந்தக் கதை பிடிக்காது. "தங்கிற இடமாம். நானென்ன சத்திரத்திலயோ சமைக்கிறன்?" எண்டு முணுமுணுப்பா.

பள்ளிக்கூடம் கன்னியாஸ்திரியள் நடத்தின சின்னப் பள்ளிக்கூடம். முதல் நாள் வகுப்பில பேர் கூப்பிட்டவை. அக்காவின்ர பேர் வர, அக்கா பயத்தில "ஓம்" எண்டிட்டா. வகுப்பு முழுக்கச் சிரிச்சுதாம். ரீச்சர் மட்டும் சிரிக்காமல், "பொறு பிள்ளை, இன்னும் மணி அடிக்கேல்லை" எண்டு ஆறுதலாய்ச் சொன்னவவாம். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நானும் அக்காவும் கட்டிலில படுத்துக்கொண்டு கனக்க யோசிச்சம். விளங்கேல்லை. அதுக்குப் பிறகு அந்தப் பெட்டையள் விளையாட்டு நேரத்தில அக்காவைக் கண்டால் "ஓம், ஓம்" எண்டு கத்துவாளவை. அக்காவுக்கு அழுகை. எனக்கு உள்ளுக்கை ஒரு புளுகம், சந்தோசம். வெள்ளைக்காரப் பிள்ளையள் எங்கட சொல்லைப் பழகிப்போட்டாளவை எண்டு அம்மாவுக்குப் போய்ச் சொன்னன்.

கோடை வந்தது. அந்த வருசம் மழையே இல்லை, பார்க்கில புல்லெல்லாம் காஞ்சு நடக்கேக்கை நொருங்கும். பள்ளிக்கூடத்தில ரவுண்டர்ஸ் தொடங்கினவை. உங்களில கன பேருக்குத் தெரியாது, அதால சொல்லுறன். நாலு கம்பம் நட்டிருக்கும். எறியிற பந்தைக் கட்டைத் தடியால ஒரு கையால அடிக்க வேணும். அடிச்சுப்போட்டு நாலு கம்பத்தையும் சுத்தி ஓடி, கடைசிக் கம்பத்தைத் தொட்டால் ஒரு ரவுண்டர். பேஸ்போலின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி தான் அது. பெட்டையளின்ர விளையாட்டு எண்டு சொல்லி ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை.

அக்கா மன்னாரில மச்சான்மாரோட எல்லே அடிச்ச கை. மூங்கில் தடியால ரென்னிஸ் பந்தைத் தெருக் கடந்து அடிக்கிறவ. இஞ்சை அவவின்ர கையில அந்தக் கட்டைத் தடியைக் குடுத்தவுடன, முதல் அடியிலயே பந்து பார்க் வேலிக்கு வெளியால போச்சு. அண்டைக்கு ஒருத்தியும் "ஓம்" எண்டு பழிக்கேல்லை. கப்டன் ஒரு செம்பட்டைத் தலைப் பெட்டை, முகமெல்லாம் புள்ளி. அவ வந்து அக்காவின்ர கையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தா, உள்ளுக்கை ஏதும் ஒளிச்சு வைச்சிருக்கோ எண்டு.

பிரச்சினை உடுப்பு. மற்றப் பிள்ளையள் எல்லாம் குட்டைக் கால்சட்டை. அம்மா விடுவாவோ? "தொடை தெரிய ஓடித்தான் பந்தடிக்க வேணுமெண்டால் அந்தப் பந்து வேண்டாம்." கடைசியில பழைய நீலத் திரைச்சீலையை வெட்டி, முழங்காலுக்குக் கீழ வாற ஒரு பாவாடை தைச்சுக் குடுத்தா. பாரமான துணி. ஓடேக்கை படக் படக் எண்டு காலில அடிக்கிற சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது. அந்தப் பாவாடையோட அக்கா ரீமை இறுதி மட்ச் வரைக்கும் கொண்டுபோனா. அவவின்ர தங்கச்சி எண்டு சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்தில நான் நடந்த நடையை நீங்கள் பாத்திருக்க வேணும்.

இறுதி மட்ச் பக்கத்து ஊர் குட்மேய்ஸில இருந்து வந்த பள்ளிக்கூடத்தோட. கடைசி ஆட்டம், கடைசி அடி அக்காவுக்கு. ஒரு ரவுண்டர் எடுத்தால் கப் எங்களுக்கு, இல்லாட்டில் அவைக்கு. நான் நாலாம் கம்பத்துக்குப் பக்கத்தில, கோட்டுக்கு வெளியால, வெட்டின தோடம்பழத் துண்டைச் சூப்பிக்கொண்டு நிண்டனான். அக்கா அடிச்ச அடி பெரிய மரத்தடிக்குப் போச்சு. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு கம்பங்களைத் தொட்டு ஓடி வாறா. எங்கட பெட்டையள் எல்லாம் "ஓம்! ஓம்! ஓம்!" எண்டு குழறினாளவை. நானும் சேந்து குழறினன்.

நாலாம் கம்பத்துக்கு ரெண்டு அடி இருக்கேக்கை பாவாடை காலுக்குள்ள சுத்திப்போட்டுது. அக்கா முகங்குப்புற விழுந்தா. விழுந்தபடியே தடியை நீட்டினா. தடி கம்பத்தைத் தொடேல்லை. ஒரு விரல்கட்டை இடைவெளி, நான் கண்ணால கண்டனான். கம்பத்தடியில நிண்ட கண்ணாடி போட்ட குட்மேய்ஸ் பெட்டையும் கண்டவ. அதே நேரம் பந்து அவவின்ர கைக்கு வந்திட்டுது. அம்பயர் மட்டும் காணேல்லை. மனிசன் பந்து எங்கால வருது எண்டு திரும்பிப் பாத்துக்கொண்டு நிண்டிட்டார்.

அவர் ஓடி வந்து குனிஞ்சு அக்காவைக் கேட்டார், "கம்பத்தைத் தவற விட்டிட்டியோ பிள்ளை?" எண்டு. இங்கிலிசில தான். ஆனால் லேசான கேள்வி, எனக்கே விளங்கினது. அக்காவுக்கு மூச்சு வாங்குது, வாயெல்லாம் புழுதி. நிமிந்து அவரைப் பாத்து, "ஓம்" எண்டா.

அம்பயர் நிமிந்தார். விசிலை ஊதிக் கையைத் தூக்கி, ரவுண்டர் எண்டு காட்டினார்.

கண்ணாடிப் பெட்டை, "அவ தொடவே இல்லை!" எண்டு கத்தினா. "நான் அவவையே நேரில கேட்டிட்டன், அவ சொல்லிப்போட்டா, முடிஞ்சுது" எண்டார் அம்பயர். எங்கட பெட்டையள் ஓடிவந்து அக்காவைத் தூக்கினாளவை. அக்கா மேல இருந்து என்னைப் பாத்து முழிச்ச முழி! வரேக்கை எனக்கு மெல்லமாய்ச் சொன்னா, "பாரடி, நான் தொடேல்லை எண்டு உண்மையைச் சொன்னனான். இஞ்சை உண்மை சொன்னால் அதுக்கும் ஒரு ரவுண்டர் குடுக்கினம் போல." நானும் நம்பினன். என்ன நல்ல நாடு எண்டு நினைச்சன். அந்த ஒரு பின்னேரம் மாதிரிச் சந்தோசமாய் நான் பிறகு கனக்க நாள் இருக்கேல்லை.

திங்கட்கிழமை குட்மேய்ஸ் பள்ளிக்கூடத்தில இருந்து முறைப்பாடு வந்தது. எங்கட தலைமைச் சிஸ்டர் அக்காவைக் கூப்பிட்டா. அவ அயர்லாந்துக்காரி. பொல்லாதவ இல்லை, ஆனால் பொய் எண்டால் அவவுக்குப் பத்தி எரியும்.

"அம்பயர் உன்னை என்ன கேட்டவர்?"

"தவற விட்டிட்டியோ எண்டு கேட்டவர், சிஸ்டர்."

"நீ என்ன சொன்னனி?"

"யெஸ் எண்டு சொன்னனான்."

"அவர் சொல்லுறார், நீ ஹோம் எண்டு சொன்னதாம். நாலாம் கம்பத்துக்கு வந்து சேந்திட்டன் எண்டு."

"இல்லை சிஸ்டர். நான் அந்தச் சொல்லே சொல்லேல்லை."

கவனியுங்கோ. அக்கா சொன்னது 'ஓம்'. ஆனால் சிஸ்டருக்கு முன்னால போய்த் தமிழிலயோ சொல்லுறது? பிள்ளை மரியாதையாய் அதை இங்கிலிசுக்கு மாத்தி, யெஸ் எண்டிட்டா. ஓமும் யெஸ்ஸும் அவவுக்கு ஒண்டுதானே. சிஸ்டர் பாத்தா, அம்பயர் ஒண்டு சொல்லுறார், பிள்ளை இன்னொண்டு சொல்லுது. தொட்டனெண்டு பொய், பிறகு சொல்லேல்லை எண்டு இன்னொரு பொய். அம்பயரின்ர தீர்ப்பை மாத்தேலாது எண்டு மேலிடத்தில சொன்னபடியால் கப் எங்கட கண்ணாடி அலுமாரியில நிண்டது. அக்காவை மட்டும் ரீமில இருந்து நிப்பாட்டினவை. அப்பாவுக்குக் கடிதம் வந்தது.

அப்பா அதை அகராதியையும் வைச்சுக்கொண்டு மூண்டு தரம் வாசிச்சார். அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் காது குடுக்கேல்லை. "ரீச்சர்மார் பொய் எழுதுவினமோ? நானும் பதினாலு வருசம் கடிதம் எழுதின ஆள் தான்" எண்டார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்க, "நீ பேசாமல் இரு" எண்டிட்டார். பிறகு அக்காவிட்டை, "சனிக்கிழமை போய்ப் பாவசங்கீர்த்தனம் செய். பொய் சொன்னனான் எண்டு சுவாமியாருக்குச் சொல்லு. அதுக்குப் பிறகு தான் நான் உன்னோட கதைப்பன்."

அக்கா அழேல்லை. "அப்பா, நான் பொய் சொல்லேல்லை. சொல்லாத பொய்யைச் சொன்னனான் எண்டு சுவாமியாருக்குச் சொன்னால், அதெல்லோ பொய்?" எண்டா. அப்பாவுக்குக் கோவம் இன்னும் கூடினது. அந்தக் கிழமை முழுக்க அக்காவோட ஒரு சொல் கதைக்கேல்லை. சாப்பாட்டுக்குக்கூட, "உன்ர அக்காவை வரச்சொல்லு" எண்டு என்னட்டைத் தான் சொல்லுவார். இப்ப நானும் பிள்ளையளை வளத்துப்போட்டு யோசிச்சால், மனிசனுக்கு என்ன பயம் எண்டு விளங்குது. வந்த ஊரில நாங்கள் நல்ல பேர் எடுக்க வேணும், எங்களை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாது எண்ட பயம். அந்தப் பயத்தில சொந்தப் பிள்ளையை நம்பாமல் விட்டிட்டார். அப்ப எனக்கு அவரில வந்தது வெறும் ஆத்திரம்.

சனிக்கிழமை அப்பா எங்கள் ரெண்டு பேரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள்ள போய்க் கன நேரம் வெளியால வரேல்லை. வந்தவுடன அப்பா முகத்தைத் திருப்பாமலே, "சொன்னியோ?" எண்டார். "சுவாமியாரோட கதைச்சனான்" எண்டா அக்கா. உண்மையில என்ன நடந்ததெண்டு கட்டிலில வைச்சு எனக்குச் சொன்னா. "சுவாமி, நான் சொல்லாத பொய்யைச் சொன்னனான் எண்டு சொல்லச் சொல்லி அப்பா அனுப்பினவர், நான் என்ன செய்யிறது?" எண்டு கேட்டாவாம். சுவாமியார் கொஞ்ச நேரம் இருமிப்போட்டு, "சொல்லாத பொய்யைச் சொல்லாதை. உன்ர அப்பாவுக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லு" எண்டவராம். நாங்கள் ரெண்டு பேரும் தலையணையை வாயில வைச்சுச் சிரிச்சம். சிரிச்சு முடியத்தான் அக்கா அழுதா. "ஒருத்தரும் என்னை நம்புகினம் இல்லையடி" எண்டு விக்கி விக்கி அழுதா.

அடுத்த செவ்வாய். பள்ளிக்கூடம் விட்டு நான் மட்டும் தனிய வாறன். ரோட்டுக் கடக்கிற இடத்தில வட்டப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிசி நிப்பா. பார்க்கிங்கிலயே பிறந்து வளந்தவ, குரல் ரெண்டு தெருவுக்குக் கேக்கும். அண்டைக்கு நான் யோசினையில நடு ரோட்டில நிண்டிட்டன். அவ பலகையை ஆட்டிக்கொண்டு என்னைப் பாத்து, "ஓம்! ஓம், கண்ணா, ஓம்!" எண்டு கத்தினா.

என்னத்துக்கு இவ ஓம் எண்டுறா? நான் ஒண்டும் கேக்கேல்லையே. நான் அசையேல்லை எண்டவுடன அவ கையைப் பிடிச்சு இழுத்து, எங்கட தெருப் பக்கம் விரலை நீட்டிக் காட்டி, திரும்பவும் "ஓம்" எண்டா. வீட்டை போ எண்டுறா.

நான் அந்த நடைபாதையில இருந்திட்டன். எங்கட வாத்திமார் ஊரில எங்களுக்கு ஹோம் எண்டுதான் படிப்பிச்சவை, ஹ போட்டு. எங்கட சிஸ்டரும் ஹ போட்டுத்தான் சொல்லுவா. இந்த ஊர்ச் சனத்துக்கு ஹ வராது, ஹோம் எண்டது ஓம் எண்டுதான் வரும். பெட்டையள் அக்காவுக்குக் குழறினது எங்கட ஓம் இல்லை; விளையாட்டில கடைசிக் கம்பத்தையும் ஹோம் எண்டுதான் சொல்லுறது, அங்கை ஓடு எண்டு. முதல் நாள் ரீச்சர் மணி அடிக்கேல்லை எண்டு ஏன் சொன்னவ? பிள்ளை வீட்டை போகக் கேக்குது எண்டு நினைச்சவ. அம்பயரும் இந்த ஊர் ஆள் தான். அக்கா "ஓம், தவற விட்டிட்டன்" எண்டது, அவரின்ர காதில "வந்து சேந்திட்டன்" எண்டு விழுந்திருக்கு. ஐயோ கடவுளே எண்டு எழும்பி, புத்தகப் பையையும் விட்டிட்டு ஓடினன்.

அப்பா சேட்டு மினுக்கிக்கொண்டு நிண்டவர். நான் மூச்சிரைக்க எல்லாத்தையும் கொட்டினன். அவர் கேக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியேல்லை. ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கி நிமித்தி வைச்சார். தனக்குள்ள மெதுவாய், "ஓம்... ஓம்..." எண்டு நாலைஞ்சு தரம் சொல்லிப் பாத்தார். பிறகு கதிரையில இருந்து ரெண்டு கையாலையும் முகத்தைப் பொத்தினார். அப்பா அழுததை நான் கண்டது அண்டைக்குத் தான்.

அடுத்த நாள் காலமை வேலைக்குப் போகேல்லை. கலியாணத்துக்குத் தைச்ச கோட்டு, ரை. அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே சிஸ்டரின்ர அறைக்குப் போனார். எந்த ரீச்சரோடயும் வாழ்க்கையில எதிர்த்துக் கதைக்காத மனிசன் அவர். "சிஸ்டர், நான் கணக்கு வாத்தியார். நிரூபிச்சுக் காட்டுறன். உங்கட கெயார்ரேக்கரை ஒருக்காக் கூப்பிடுங்கோ" எண்டார்.

கெயார்ரேக்கர் திறப்புக் கோர்வையோட வந்தார். எங்கட தெருவுக்கு அடுத்த தெருவில பிறந்த ஆள்.

"ஐயா, பின்னேரம் வேலை முடிய நீங்கள் எங்க போறனியள்?" எண்டு அப்பா கேட்டார்.

மனிசன் சிஸ்டரைப் பாத்தார், எங்களைப் பாத்தார், தன்னைக் களவு பிடிக்கினம் எண்டு நினைச்சார் போல. "ஓம்" எண்டார். "நேர ஓம் தான் சிஸ்டர், வேற எங்க?"

அப்பா அக்காவின்ர பக்கம் திரும்பினார். ஒரு கிழமைக்குப் பிறகு முதல் முதல் அவவின்ர முகத்தைப் பாத்துக் கதைச்சார். தமிழில, "பிள்ளை, நீ கம்பத்தைத் தவற விட்டனியோ?"

"ஓம்" எண்டா அக்கா.

சிஸ்டர் எழும்பி யன்னலடிக்குப் போனா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. திரும்பி வந்து அக்காவுக்கு முன்னால குனிஞ்சு, தான் செய்தது பிழை எண்டு வாய் திறந்து சொல்லி மன்னிப்புக் கேட்டா. அந்தக் காலத்தில ஒரு தலைமைச் சிஸ்டர், ஒரு கறுத்தப் பிள்ளையிட்டை! எனக்கு நெஞ்சு புடைச்சுப் போச்சு. இனி நீ ரீமில விளையாடலாம், விசயம் முடிஞ்சுது எண்டா.

"முடியேல்லை சிஸ்டர்" எண்டா அக்கா. "நான் தொடேல்லை எண்டு இப்ப உங்களுக்குத் தெரியும். பிறகேன் அவையின்ர கப் எங்கட அலுமாரியில நிக்குது?"

சிஸ்டருக்குச் சங்கடம். அம்பயர் சொன்னால் சொன்னது தான், ரீம் பிள்ளையள் எல்லாம் பாவம், கப்பில எங்கட பேரையும் வெட்டியாச்சு எண்டெல்லாம் சொன்னா. கடைசியில அப்பாவைப் பாத்து, "நீங்களும் ஒரு ரீச்சர் தானே, உங்களுக்கு விளங்கும்" எண்டா. நான் அப்பாவைப் பாத்தன். இந்த இடத்தில மனிசன் பழையபடி தலையை ஆட்டிப் போடுவார் எண்டு பயந்தன்.

"விளங்குது சிஸ்டர்" எண்டார் அப்பா. "அதால தான் சொல்லுறன். பிள்ளை சொல்லுறது சரி."

கப்பைக் குடுக்கிறது எண்டு முடிவான நாளில இருந்து எங்கட பெட்டையள் அக்காவோட கதைக்கேல்லை. அதை நான் மறைக்க விரும்பேல்லை. வெண்ட கப்பைத் தூக்கிக் குடுத்தவ எண்டு ரெண்டு கிழமை முகத்தைத் திருப்பினாளவை. அந்தக் கோடையின்ர கடைசி மட்சில, எங்கட செம்பட்டைக் கப்டன் நிலத்தோட ஒட்டி ஒரு பந்தைப் பிடிச்சா. பந்து நிலத்தில பட்டதோ எண்டு வேறொரு அம்பயர் கேட்டார். அவ அக்காவைத் திரும்பிப் பாத்தா. பிறகு அம்பயரிட்டை, "ஓம்" எண்டா. அம்பயருக்கு விளங்கேல்லை. "அது யெஸ், சேர். எங்கட ரீமில அப்படித்தான் சொல்லுறது" எண்டு விளங்கப்படுத்தினா. வெள்ளைக்காரி எங்கட சொல்லைப் பழகினாள் எண்டு நான் புளுகினது அண்டைக்குத் தான் மெய்யாச்சு. அந்த மட்சிலயும் தோத்தம், அது வேற கதை.

இப்ப பேஸ்போலில ஒருத்தன் தொட்டவனோ இல்லையோ எண்டு சந்தேகம் வந்தால், அம்பயர் காதில ஒண்டை மாட்டிக்கொண்டு நிக்கிறார். எங்கையோ ஒரு அறையில இருந்து கமராவைத் திருப்பித் திருப்பிப் பாத்துச் சொல்லுகினம். நல்ல விசயம், நான் குறை சொல்லேல்லை. அந்தக் கமரா அண்டைக்கு இருந்திருந்தால் அக்காவின்ர தடிக்கும் கம்பத்துக்கும் இடையில இருந்த விரல்கட்டை தெரிஞ்சிருக்கும். ஆனால் மாஸ்டர், ஒண்டை யோசியுங்கோ. கமரா இருந்தால் அக்காவை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம். விழுந்து கிடந்த ஒரு பத்து வயசுப் பிள்ளையிட்டை, உன்ர வாயால நீயே சொல்லு எண்டு ஒரு பெரிய மனிசன் கேட்டதையும், அவ கப்பையும் பாக்காமல் உண்மையைச் சொன்னதையும் நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். எந்தக் காலம் நல்ல காலம் எண்டு எனக்குத் தெரியாது. என்ர அக்கா எப்படிப்பட்ட ஆள் எண்டு தெரியும்.

அக்காவை உங்களுக்குத் தெரியும், வெம்பிளியில இருந்து பெருநாளுக்கு வாறவ, கட்டையாய் வெட்டின நரைச்ச தலைமயிர். முப்பது வருசம் நீதிமன்றங்களிலயும் ஆஸ்பத்திரியளிலயும் எங்கட சனத்துக்கு மொழிபெயர்த்த மனிசி. ஒருத்தர் ஓம் எண்டால் நீதவானுக்கு அது யெஸ் எண்டுதான் போய்ச் சேர வேணும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு வேலை செய்தவ. அந்த நீலப் பாவாடை எங்க போனதெண்டு தெரியாது. குட்மேய்ஸ் பள்ளிக்கூடத்தை இடிச்சு வீடுகள் கட்டியாச்சு. கப்பும் எங்கையோ. அதில எங்கட பேரை வெட்டினதுக்குக் கீழ அவையின்ர பேரை வெட்டினவை எண்டு பிறகு கேள்விப்பட்டம்.

கப் குடுக்கப் போன நாளைச் சொல்லாமல் விட்டிட்டன். வேணுமெண்டு தான் கடைசிக்கு வைச்சனான்.

சிஸ்டர் தானே கொண்டுபோறன் எண்டவ. அக்கா விடேல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவும் நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில குட்மேய்ஸுக்குப் போனம். அக்கா கப்பை மடியில வைச்சு, அம்மாவின்ர துவாயால மூடிக்கொண்டு இருந்தா. அந்தப் பள்ளிக்கூட வாசலில கண்ணாடிப் பெட்டை நிண்டா. அக்கா குடுத்தா, அவ வாங்கினா. கப்பைக் கக்கத்தில இடுக்கிக்கொண்டு, "நீ அடிச்ச அடி நல்ல அடி" எண்டா. அவ்வளவு தான்.

திரும்பி வரேக்கை பஸ்ஸின்ர மேல்தட்டில, முன் சீற்றில இருந்தம். அக்காவின்ர மடியில வெறும் துவாய். வெளியால பாத்துக்கொண்டே வந்தவ, திடீரெண்டு அப்பாவின்ர பக்கம் திரும்பினா. பெட்டையள் கதைக்கேல்லை எண்ட துக்கம், கப் போன துக்கம், எல்லாம் முகத்தில தெரிஞ்சுது. "அப்பா, நான் செய்தது சரிதானே?" எண்டு கேட்டா. அதே நேரம் கொண்டக்டர் படியேறி வந்து, ரிக்கெற் மெசினில கையை வைச்சுக்கொண்டு அப்பாவிட்டை, "எங்க போறியள்?" எண்டார்.

அப்பா கொண்டக்டரைப் பாக்கவே இல்லை. அக்காவின்ர கையைப் பிடிச்சு, அவவின்ர கண்ணைப் பாத்து, "ஓம்" எண்டார்.

கொண்டக்டர் சிரிச்சார். "ஓமோ? அது எங்க இருக்கு, ஐயா?"

அப்பா நிமிந்து பாத்தார். கொஞ்சம் யோசிச்சார். கட்டிலுக்குக் கீழ கிடந்த சூட்கேசுகள் ரெண்டும் எனக்கு ஞாபகம் வந்தது.

"பார்க்கிங்" எண்டார்.